துன்பம் வந்துற்ற காலத்துத் தியானம்



யோகம் என்னும் சொல் இன்று எங்கும் ஒலிக்கின்றது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2014-ஆம் ஆண்டு இயற்றிய தீர்மானத்தின்படி, 2015 முதல் ஜூன் 21-ஆம் நாள் உலக யோகா நாளாகக் கொண்டாடப்பட்டு வருகின்றது. யான் வாழும் திண்டுக்கல் நகரிலும் வைகறையில் மைதானங்களில் பாய் விரித்து ஆசனம் பயில்வோரைக் காண்கின்றேன். நன்று; உடல் நலம் தருமத்திற்குத் துணை. ஆயினும் நம் பிள்ளைகள், "தாத்தா, நம் சமயத்தில் யோகம் உண்டா?" என்று வினவும்போது, "உண்டு" என்று மட்டும் சொல்லிவிடுவது முழுமையான விடையாகாது.

உமாஸ்வாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் யோகம் என்னும் சொல்லுக்குத் தரும் பொருள் முற்றிலும் வேறு. மனம், மொழி, மெய் ஆகிய மூன்றின் செயலால் ஆன்மப் பிரதேசங்களில் எழும் அசைவே அங்கு யோகம் எனப்படுகின்றது. அதுவே ஆஸ்ரவம், அதாவது வினை உட்புகும் வாயில். அவ்வசைவு முற்றும் அடங்கிய பதினான்காம் குணஸ்தானத்தில் நிற்பவரையே அயோகி கேவலி என்கின்றோம். பிற்காலத்தில் ஹரிபத்திரர், ஹேமசந்திரர் முதலிய சுவேதாம்பர ஆசாரியர்கள் யோகம் என்னும் பெயரையே முத்தி நெறிக்கும் சூட்டினர் என்பது உண்மை. எனினும் பிறர் யோகப் பயிற்சியில் எதை நாடிச் செல்கின்றனரோ, அதனை நம் முன்னோர் சாமாயிகம், காயோத்சர்க்கம், தியானம், அனுப்பிரேட்சை என்னும் பெயர்களால் வழங்கி வந்தனர். துன்பம் வந்துற்றபோது இவை இல்லறத்தானுக்கு எவ்வாறு பயன்படும் என்பதே இக்கட்டுரையின் பொருள். நூலறிவு மட்டும் கொண்டு இதனை எழுதவில்லை. எழுத நேர்ந்த காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

தியானம் நால்வகைப்படும் என்பது பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்தது: ஆர்த்தம், ரௌத்திரம், தர்மியம், சுக்கிலம். இவற்றுள் முதல் இரண்டும் தீயன. பின்னிரண்டும் வீட்டுநெறிக்கு ஏதுவானவை. இதனை மனப்பாடமாக ஒப்பிக்கும் நாம் இதில் பொதிந்த ஒரு பெரிய செய்தியைக் கவனிப்பதில்லை. தியானம் என்றால் ஏதோ நல்லதொரு பயிற்சி என்றும், நாம் அதனை இனித்தான் கற்க வேண்டும் என்றும் எண்ணுகின்றோம். நம் ஆசாரியர்களோ துயரத்தையே ஒரு தியானம் என்று வகுத்தனர். சிந்தை ஒரு பொருளில் குவிந்து நிற்பதே தியானம் எனின், இரவு இரண்டு மணிக்கு உறக்கமின்றிக் கடனையோ, பிரிந்தவரையோ, நோயையோ இடைவிடாது நினைந்து கிடப்பவனும் தியானத்தில்தான் இருக்கின்றான். அது ஆர்த்த தியானம். விரும்பாதது வந்து சேர்தல், விரும்பியது பிரிதல், உடல் வேதனை, வருங்கால இன்பத்தின்மேல் வைக்கும் ஏக்கமாகிய நிதானம் என்று அதற்கு நான்கு முகங்கள். இவற்றுள் நிதானம் ஒன்று நீங்கலாக ஏனைய மூன்றும் ஆறாம் குணஸ்தானத்து முனிவருக்கும் நேரக்கூடும் என்று சூத்திரத்தின் உரை கூறுகின்றது. ஆகவே துயரத்தில் ஆழ்ந்தவரை நோக்கி, "நீ சிராவகன்தானே, ஏன் அழுகிறாய்?" என்று இடித்துரைப்பது நூலுக்கும் பொருந்தாது, நேயத்திற்கும் பொருந்தாது.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த யான் உத்தியோக நிமித்தம் திண்டுக்கல்லுக்கு வந்து, ஓய்வுபெற்ற பின்னும் இங்கேயே தங்கிவிட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் என் இல்லாள் நோயுற்றார். முதலில் பார்த்த மருத்துவர் ஒருவர் அதனைச் சாதாரண வயிற்றுக் கோளாறு என்று கருதி, மூன்று மாதம் மாத்திரையிலேயே கழித்துவிட்டார். உண்மை நோய் இன்னதென்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. அவர் பிரிந்த பின்னரும் யான் நாள்தோறும் இரண்டு நாழிகை சாமாயிகத்தில் அமர்வதை விடவில்லை. கண் மூடியிருக்கும்; விரலில் மாலை நகரும்; உதடு பஞ்ச நமஸ்காரத்தை உச்சரிக்கும். உறவினர் என்னைக் கண்டு, "என்ன திடம்!" என்று வியந்தனர். உள்ளே நடந்தது வேறு. அந்த நாற்பத்தெட்டு நிமிடமும் யான் அம்மருத்துவரைக் கூண்டில் ஏற்றி வழக்காடிக் கொண்டிருந்தேன். ஒரு நாள், மாலையின் 108 மணிகளும் முடிந்தபோது, அவருக்குக் கேடு வரவேண்டும் என்று நினைத்ததை நானே கண்டு திடுக்கிட்டேன். ஆர்த்தம் ரௌத்திரமாக முற்றிவிட்டிருந்தது. சாமாயிக ஆசனத்திலேயே!

அக்காலத்தில்தான் பூஜ்யபாதர் இயற்றிய ஸர்வார்த்தசித்தி உரையை மீண்டும் எடுத்துப் படித்தேன். இவருடைய மாணாக்கரான வஜ்ரநந்தி என்பவரே தென்மதுரையில் திராவிட சங்கத்தை நிறுவினார் என்று தேவசேனர் தம் தர்சனசாரத்தில் குறித்துள்ளார். மதுரையோ திண்டுக்கல்லிலிருந்து ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம். ஏதோ வடநாட்டுப் பெரியவர் நூல் என்று நாம் ஒதுக்கத் தக்கதன்று என்பதற்காகவே இதனைக் கூறினேன்.

ஆறாம் அத்தியாயத்தில் அசாதா வேதனீயம், அதாவது துன்பத்தை நுகர்விக்கும் வினை, எதனால் வந்து சேர்கின்றது என்று ஒரு சூத்திரம் உண்டு. துன்பம், சோகம், உள்ளம் வெதும்பல், கதறல், கொலை, பிறர் இரங்குமாறு புலம்பல் ஆகிய இவற்றைத் தன்னிடத்தோ, பிறரிடத்தோ, இருவரிடத்துமோ உண்டாக்கினால் அவ்வினை புகும் என்பது அதன் கருத்து. "தன்னிடத்து" என்பதைக் கவனியுங்கள். பிறரைத் துன்புறுத்தினால் பாவம் என்பதை எல்லாச் சமயமும் கூறும். தன்னைத் தானே சோகத்தில் வாட்டுவதும் நாளைய துன்பத்திற்கு இன்று இடும் விதை என்று வினையின் கணக்கில் வைத்துக் காட்டியது நம் சாத்திரம். வந்த துன்பம் பழவினையின் பயன். அது உதிர்ந்து போகின்றது. அதனைப் பற்றிக்கொண்டு நாம் செய்யும் புலம்பலோ புதுவினை. அது வந்து ஒட்டுகின்றது. ஒரு வாயிலில் கடன் தீர்கையில் மறுவாயிலில் புதுக்கடன் வாங்குகின்றோம்.

இவ்விடத்தில் பூஜ்யபாதர் தாமே ஒரு தடையை எழுப்பி விடையும் கூறுகின்றார். துன்பம் செய்வதே பாவமெனில், நோன்பும் கேசலோசனமும் பாவமாகாவோ என்பது தடை. அவர் தரும் விடையில் ஒரு வைத்தியர் வருகின்றார். முனிவர் ஒருவரின் உடலில் தோன்றிய கட்டியைக் கருணையுள்ளம் கொண்ட வைத்தியர் கத்தியால் கீறுகின்றார். நோவு உண்டாகத்தான் செய்கின்றது. ஆயினும் வெளியே நோவு நேர்ந்தது என்பதனால் மட்டும் வைத்தியருக்குப் பாவபந்தம் இல்லை; வினையை ஒட்டச் செய்வது உள்ளே எழும் குரோதம் முதலிய கஷாயமே.

யான் இதனைப் பலமுறை படித்திருக்கின்றேன். பிறருக்குப் பாடமும் சொல்லியிருக்கின்றேன். அன்று அந்த வைத்தியர் என்னும் சொல்லில் கண் நின்றுவிட்டது. என் இல்லாளைப் பார்த்த மருத்துவர் செய்தது பிழை. அதில் எனக்கு ஐயமில்லை, இன்றும் இல்லை. ஆனால் அவர் உள்ளத்தில் குரோதம் இருந்ததாக யான் எங்ஙனம் அறிவேன்? என் உள்ளத்தில் இருந்ததை மட்டும் ஐயமற அறிவேன்.

அறிவால் தெளிந்தது மனத்தில் உடனே இறங்கிவிடுவதில்லை. அதற்கு உடலை முதலில் நிறுத்த வேண்டியிருக்கின்றது. அங்கேதான் காயோத்சர்க்கம் உதவுகின்றது. காயம் என்பது உடல். உத்சர்க்கம் என்பது விடுதல். உடலை மாய்த்தலன்று; உடல்மேல் உள்ள "எனது" என்னும் பற்றைக் குறித்த நேரத்திற்கு விட்டு நிற்றல். பாதங்களுக்கு இடையே நால்விரல் அகலம் விட்டு நேராக நின்று, கைகளைத் தொங்கவிட்டு, உறுப்புகளை அசையாது வைத்தல் வேண்டும். நிற்க இயலாத முதியோரும் நோயாளரும் அமர்ந்தே செய்யலாம். மூலாசாரம் இதற்கு முப்பத்திரண்டு குற்றங்களை எண்ணுகின்றது. குதிரைபோல் ஒரு காலைத் தளர்த்தி நிற்றல், காற்றில் ஆடும் கொடிபோல் அசைதல், சுவரில் சாய்தல் ஆகியவை அவற்றுட் சில. பொறுமையின்றி நிற்கும் மனிதனை எவ்வளவு கூர்ந்து நோக்கியிருக்கின்றனர்! திண்டுக்கல்லில் கோடைக்காலத்தில் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கும் எம் தெருவாரிடத்து, என்னையும் சேர்த்து, முப்பத்திரண்டையும் ஒரே காலையில் காணலாம்.

மூச்சுக் கணக்கு இதன் உயிர்நாடி. பஞ்ச நமஸ்கார மந்திரம் ஒருமுறை சொல்ல மூன்று மூச்சு: முதல் மூச்சில் அருகரும் சித்தரும், இரண்டாவதில் ஆசாரியரும் உபாத்தியாயரும், மூன்றாவதில் சர்வ சாதுக்களும். ஒன்பது முறை சொன்னால் இருபத்தேழு மூச்சு. இதுவே வழக்கமான காயோத்சர்க்கத்தின் அளவு. பிரதிக்கிரமணத்தில் பகற்குற்றங்களுக்கு 108 மூச்சும், இரவுக்குற்றங்களுக்கு 54 மூச்சும், பட்சத்திற்கு 300-ம், சாதுர்மாசத்திற்கு 400-ம், ஆண்டிற்கு 500-ம் என விரிந்து செல்லும். கடிகாரம் இல்லாத காலத்தில் மூச்சே நாழிகையாக இருந்தது.

மூச்சை எண்ணுவது வேறு, அடக்குவது வேறு. ஹேமசந்திரர் தம் யோகசாத்திரத்தில் பிராணாயாமத்தின் வகைகளை விரிவாக எழுதிவிட்டு, அதனால் வருந்தும் மனம் அமைதி பெறாது என்றும் தெளிவாகச் சொல்லிவிடுகின்றார். ஞானார்ணவம் இயற்றிய சுபசந்திரரும் இத்தகைய எச்சரிக்கை தருகின்றார். துயரத்தில் இருப்பவர் மூச்சைப் பிடித்து அடக்க முயன்றால் நெஞ்சுப் படபடப்பே மிகும். வருவதை வரவிட்டுப் போவதைப் போகவிட்டு, மந்திரத்தை அதன்மேல் ஏற்றி எண்ணினாற் போதும். தேராபந்த ஆசாரியர் மகாபிரக்ஞர் 1975-இல் வகுத்தளித்த பிரேக்ஷா தியானமும் மூச்சையும் உடலையும் உள்நோக்கிக் காண்பதையே தன் அடிப்படையாகக் கொண்டது.

மேலை நாட்டிலும் இதனை ஒத்த முயற்சி ஒன்று நிகழ்ந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979-இல் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். மருந்தால் முற்றும் தீர்க்கவியலாத நெடுநாள் வலியுற்றோர் அங்கு வந்தனர். வலியை விரட்டாமல், வெறுக்காமல், அது எழுவதையும் தணிவதையும் கவனிக்க அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. அவர் தம் முறையைப் பௌத்த தியானத்திலிருந்தும் ஹடயோகத்திலிருந்தும் எடுத்தவர். நம்மிடமிருந்து எடுத்தார் என்று வீண்பெருமை கொள்ள வேண்டா. நோவு வேறு, நோவின்மேல் மனம் செய்யும் ஆரவாரம் வேறு என்னும் பாகுபாடு அவருக்கும் புலப்பட்டது என்பதே நமக்கு வேண்டுவது.

மூச்சு அடங்கியபின் சிந்தைக்கு ஒரு பொருள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிடில் பழைய வழக்கே மீண்டும் நீதிமன்றம் ஏறிவிடும். தர்மிய தியானத்தின் நான்கு பிரிவுகளுள் விபாக விசயம் என்பது ஒன்று. வினை பழுத்துப் பயன் தரும் முறையை ஆராய்தல் என்பது அதன் பொருள். ஆர்த்த தியானத்தில் எதை நினைந்து அழுதோமோ, அதே நிகழ்ச்சியையே இங்கும் நினைக்கின்றோம்; பார்வைதான் மாறுகின்றது. "எனக்கு ஏன் இது?" என்பது ஆர்த்தம். "இது எவ்வாறு எழுந்து, எவ்வளவு நேரம் நின்று, எவ்வாறு கழிகின்றது?" என்பது விபாக விசயம். இதற்குப் பன்னிரண்டு அனுப்பிரேட்சைகளும் துணை செய்யும். தேவேந்திர முனிவர் இயற்றிய சீவசம்போதனை இப்பன்னிரண்டையும் தமிழிலேயே விரித்துரைக்கும் நூல். நம் வீடுகளில் பலவற்றில் பழைய பதிப்பு பரணில் இருக்கக்கூடும். பிரிவுத்துயரில் அநித்தியமும், நோயில் அன்னியத்துவமும் எனக்குத் துணையாயின. பன்னிரண்டையும் ஒரே அமர்வில் ஓடி முடிப்பதினும் ஒன்றில் ஒரு திங்கள் தங்குவது மேல்.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். துன்பத்தைப் பொறுத்தல் அறமெனில் மருந்துண்ணாதிருத்தல் நன்றோ? அநீதி செய்வாரைத் தட்டிக் கேளாதிருத்தல் நன்றோ? அன்று. இருபத்திரண்டு பரீஷகங்களை வெல்லுதல் முனிவர்க்கு விதிக்கப்பட்டது. நெறியினின்று வழுவாமைக்கும் வினை உதிர்தற்கும் அவை பொறுக்கப்பட வேண்டும் என்று நோக்கத்தையும் சூத்திரம் கூறுகின்றது. இல்லறத்தான் நோய்க்கு மருந்து தேடவும், பிழைக்கு நியாயம் கேட்கவும் கடமைப்பட்டவன். யானும் அம்மருத்துவரைப் பின்னர் நேரில் கண்டு, நிகழ்ந்ததை எடுத்துரைத்து, இன்னொருவருக்கு இங்ஙனம் நேராதிருக்கட்டும் என்று சொல்லி வந்தேன். குரல் உயரவில்லை. ஓராண்டு முன்னர்ச் சென்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று யான் அறிவேன்.

அப்பரீஷகப் பட்டியலில் பசி, தாகம், வெப்பம், நோய், வசைச்சொல் ஆகியவற்றோடு சத்கார புரஸ்காரமும் உண்டு. பாராட்டும் மரியாதையும் கூட வெல்லத்தக்க இடர்களாம். என் "திடத்தை" உறவினர் வியந்தபோது யான் தோற்றது இதனிடத்துத்தான்.

"இவையெல்லாம் கடையும் கணக்குமாக உழல்வார்க்குக் கைகூடுமோ?" என்பார்க்கு ஸ்ரீமத் ராஜசந்திரரை நினைவூட்டுவேன். 1867-இல் பிறந்து 1901-இல் மறைந்த அவர் பம்பாயில் முத்து, வைர வாணிகம் செய்த இல்லறத்தார். காந்தியடிகள் 1891-இல் இங்கிலாந்திலிருந்து திரும்பியவுடன் அவரைச் சந்தித்தார். இலட்சக்கணக்கில் பேரம் நடக்கும். அது முடிந்த அக்கணமே சமய நூலோ குறிப்பேடோ அவர் கையில் விரிந்துவிடும் என்று அடிகள் தம் சுயசரிதையில் வியந்து எழுதியிருக்கின்றார். அடிகளின் பெயரால் 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் தோற்றுவித்த காந்திகிராமம் எங்கள் திண்டுக்கல்லுக்கு அணித்தே சின்னாளப்பட்டிக்கு அருகில் உள்ளது. அவ்வழியே பேருந்தில் செல்லுந்தோறும், அடிகளின் உள்ளத்தில் ஆழப் பதிந்த ஒரு சிராவக வணிகர் எனக்கு நினைவுக்கு வருவார்.

இம்மாவட்டத்தில் நாம் கட்டாயம் காணவேண்டிய இடம் ஒன்று உண்டு. பழனிக்கு மேற்கே, பாப்பம்பட்டியை அடுத்த ஐவர்மலை. பழம்பெயர் திருவயிரை. இயற்கையாய் அமைந்த நீண்ட குகையின் மேற்பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சக ஆண்டு 792-இல், அதாவது பொது ஆண்டு 870-இல், வரகுண பாண்டியரின் எட்டாம் ஆட்சியாண்டில் பொறித்த கல்வெட்டு அங்கே உள்ளது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் பார்சுவ படாரரையும் இயக்கியரையும் புதுக்கி, வழிபாட்டிற்கும் அடிகள் ஒருவரின் உணவிற்குமாக 505 காணம் பொன் வைத்தார் என்பது செய்தி. சக ஆண்டும் ஆட்சியாண்டும் சேர்ந்து வருவதால் பாண்டியர் காலவரையறைக்கே இக்கல்வெட்டு ஆணிவேர் என்பர் ஆய்வாளர். எனக்கோ "புதுக்கி" என்னும் சொல்லே பெரிதாகப்பட்டது. ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே புதுக்கவேண்டிய அளவு அவ்வுருவங்கள் பழமை பெற்றிருந்தன.

பார்சுவ பகவான் காயோத்சர்க்கத்தில் நின்றபோது, பழம்பிறவிகளின் பகை தொடர்ந்து வந்த கமடன் ஏழு நாள் புயலும் மழையும் பாறையும் பொழிந்து இடர் செய்ததையும், தரணேந்திரனும் பத்மாவதியும் வந்து படம் விரித்துக் காத்ததையும் நாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தோம். காத்த நாகத்தையே சிற்பங்களில் கண்டு மகிழ்கின்றோம். பகவான் தாக்கியவனை வெறுத்ததும் இல்லை, காத்தவனை விரும்பியதும் இல்லை என்பதைச் சிற்பம் வேறு எவ்வகையாலும் காட்ட இயலாது, அசைவற்ற அத்திருமேனியைத் தவிர.

சென்ற தை மாதம் பெயரனோடு அம்மலைக்குச் சென்றேன். படியேற்றத்தில் இருமுறை அமர்ந்து எழ வேண்டியதாயிற்று. குகையை அடைந்ததும் பெயரன் உருவங்களை எண்ணத் தொடங்கினான். யான் பாறையில் சாயாமல் பாதங்களை நால்விரல் விட்டு நின்று, மூச்சை எண்ணினேன். பதினேழாம் மூச்சில் இல்லாளின் நினைவு வந்தது, கணக்குத் தவறியது. மருத்துவர் நினைவு வரவில்லை. மீண்டும் முதலிலிருந்து எண்ணினேன்.